பூநகரிக் கோட்டை: ஒரு முகாமும் மூன்று வழிகளும்

யாழ்ப்பாணக் குடாநாடு கிட்டத்தட்ட ஒரு தீவு. ஆனையிறவில் இருக்கும் ஒடுங்கிய தரைத்தொடுப்பையும் கிழக்கே சுண்டிக்குளம் பக்கத்து மணல்திட்டையும் விட்டால், வன்னிப் பெருநிலத்துக்கும் எங்களுக்கும் நடுவே கிடப்பது கடல்நீரேரிதான். கொடிகாமத்தில் இருப்பவருக்கு இதை வரைபடம் விரித்துக் காட்டத் தேவையில்லை. சந்தியிலிருந்து தெற்கே கச்சாய் வீதியால் போனால் சிறிது நேரத்தில் தண்ணீர் வந்துவிடும். அக்கரை பூநகரிப் பக்கம்.

இந்தத் தண்ணீரைத் தாண்டுவதற்கு எங்கள் காலத்தில் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, ஆனையிறவுத் தரைவழி. இரண்டாவது, கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே ஓடிய 'பாதை' என்ற மிதவை. மூன்றாவது, கிளாலியில் ஏறி அக்கரையில் இறங்கும் படகுவழி. முதல் இரண்டையும் கட்டுப்படுத்த வெளிநாட்டார் கோட்டை கட்டினார்கள். மூன்றாவதை, அந்த இரண்டும் பூட்டப்பட்ட நேரத்தில் எங்கள் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திறந்தது.

அண்மையில் ஒருநாள் காலையில் மோட்டார் சைக்கிளில் கொடிகாமத்திலிருந்து புறப்பட்டு, சாவகச்சேரி, தனங்கிளப்பு, கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, பரந்தன், ஆனையிறவு, பளை என்று கடல்நீரேரியை ஒரு சுற்றுச் சுற்றினேன். வெயில் ஏறுமுன் பூநகரி, மதியத்துக்கு ஆனையிறவு, பின்னேரம் வீடு. முப்பது வருடத்துக்கு முன்னர் இந்தச் சுற்றை எந்தத் தரப்பின் அனுமதியோடும் யாரும் சுற்றியிருக்க முடியாது. நான் பார்க்கப் போனது பூநகரிக் கோட்டையை. அதைப் பற்றியும், அது காவல் செய்த வழிகளுக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றியும் ஓர் இடத்தில் எழுதி வைப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மூன்றரைப் பரப்புக் கோட்டை

சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து ஏ-32 வீதியில் பூநகரிச் சந்தி நோக்கிப் போகும்போது வீதியோரமாகவே கோட்டை வருகிறது. யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கும். அகழி இல்லை, உயர்ந்த வாயில் இல்லை. சதுரமான ஒரு கட்டடம். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 30 மீற்றர். எங்கள் கணக்கில் சொன்னால் உள்ளே மூன்றரைப் பரப்புக் காணி.

சுவர் முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனது. சாந்து உதிர்ந்த இடங்களில் கல்லின் சின்னச் சின்னத் துளைகள் தெரிகின்றன. கடலில் இருந்து எடுத்த கல் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. எதிரெதிரான இரண்டு மூலைகளில் மட்டும் கொத்தளம் இருக்கிறது. நான்கு மூலையிலும் கட்டாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு மூலைக் கொத்தளத்தில் நிற்பவருக்கு அந்த மூலையில் சந்திக்கும் இரண்டு சுவர்களின் வெளிப்புறமும் தெரியும். எதிர்மூலையில் நிற்பவருக்கு மற்ற இரண்டு சுவர்களும் தெரியும். இரண்டு காவலாளிகள் போதும், நாலு சுவரும் கண்ணுக்குள். செலவையும் ஆட்களையும் குறைத்துக் கட்டிய சிறிய காவற்கோட்டை இது.

கட்டியவர்கள் போர்த்துக்கேயர். யாழ்ப்பாணத்தில் தாங்கள் பிடித்த நிலத்துக்குத் தெற்கே இருந்து ஆபத்து வராமல் பார்ப்பது அவர்களின் தேவை. பிறகு வந்த ஒல்லாந்தர் 1770களில் இதை விரிவாக்கிக் காவற்படை வைத்தார்கள். ஆங்கிலேயருக்குக் கோட்டை தேவைப்படவில்லை. 1805இல் இங்கே ஒரு வாடிவீடு அமைத்தார்கள். கோட்டையாக இருந்தது, மன்னார்ப் பக்கம் போகும் உத்தியோகத்தர்கள் இளைப்பாறும் இடமாயிற்று.

ஆனால் பூநகரியின் வரலாறு போர்த்துக்கேயரோடு தொடங்குவதில்லை. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இந்தப் பிரதேசத்தில் செய்த தொல்லியல் ஆய்வு 1993இல் நூலாக வந்தது. தமிழகத்தின் பழைய குடியிருப்புகளில் கிடைப்பது போன்ற கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும் பழைய நாணயங்களும் இங்கேயும் கிடைத்திருக்கின்றன. கோட்டை வருவதற்கு ஆயிரம் வருடங்களுக்கும் மேலாக முன்பே இந்தக் கரையில் சனம் வாழ்ந்து, கடல் கடந்து வியாபாரம் செய்திருக்கிறது. அந்த நூல் வந்த அதே ஆண்டின் கடைசியில்தான் பூநகரி என்ற பெயர் வேறொரு காரணத்துக்காக உலகச் செய்திகளில் அடிபட்டது.

யானையும் வரியும்

இவ்வளவு சிறிய கோட்டைகளை ஏன் கட்டினார்கள்? போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தில் தேடிய பொருள்களில் ஒன்று யானை. வன்னி நிலத் தலைவர்கள் திறையாகக் கொடுத்தது யானைகளை. அவை ஆனையிறவின் ஆழமற்ற தண்ணீரால் குடாநாட்டுக்குள் ஓட்டி வரப்பட்டன. யாழ்ப்பாணத்தில் இந்திய வியாபாரிகள் அவற்றை வாங்கினார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலில் ஏற்றினார்கள். ஆனை இறங்கிய இடம் ஆனையிறவு ஆயிற்று.

யானை வரும் வழியால்தான் ஆளும் வருவார், நெல்லும் வரும், தப்பி ஓடுபவரும் போவார். ஆகவே வழியைப் பிடித்தவருக்கு வரி கிடைக்கும், ஆளைத் தடுக்கும் அதிகாரமும் கிடைக்கும். ஒல்லாந்தர் ஆனையிறவிலிருந்து கிழக்குக் கரை வரை வரிசையாக மூன்று சிறு கோட்டைகளை வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றின் இடிபாடு இயக்கச்சியில் இன்னமும் இருக்கிறது. பூநகரி இந்த வரிசைக்கு மேற்கே, தண்ணீர்வழியின் காவல்.

இந்தக் கோட்டைகளைப் பற்றிப் பேசும்போது 'பாதுகாப்பு' என்ற சொல்தான் முதலில் வருகிறது. யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்டால் விடயம் தெளிவாகும். இவை எங்கள் ஊர்களைக் காக்கக் கட்டப்பட்டவை அல்ல. எங்கள் ஊர்களுக்குள் யார் வரலாம், யார் போகலாம் என்று தீர்மானிக்கக் கட்டப்பட்டவை. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்து ஆண்டுகளில் அதே இடங்களில் முகாம்கள் எழுந்தபோது, அந்தப் பழைய வேலையே புதிய ஆயுதங்களோடு தொடர்ந்தது.

வழிகள் பூட்டப்பட்ட விதம்

1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதோடு யாழ்தேவி வடக்கே வருவது நின்றது. ஆனையிறவில் இராணுவம் இருந்ததால் கண்டி வீதி மூடப்பட்டது. சனம் கேரதீவு–சங்குப்பிட்டி வழிக்குத் திரும்பியது. 1991 யூலை 10ஆம் திகதி விடுதலைப் புலிகள் ஆனையிறவு முகாமைத் தாக்கத் தொடங்கினார்கள். முற்றுகையை உடைக்க இராணுவம் வெற்றிலைக்கேணிக் கரையில் இறங்கியது. ஒரு மாதம் நடந்த அந்தச் சமரில் முகாம் விழவில்லை. அதன் பிறகு ஆனையிறவு மேலும் பெரிதாகியது. பூநகரியிலும் இராணுவம் நிலைகொண்டது. பக்கத்தில் நாகதேவன்துறையில் கடற்படை தளம் அமைத்தது. சங்குப்பிட்டி வழியும் போயிற்று.

ஆள் போக்குவரத்தோடு பொருள் போக்குவரத்தும் தடைப்பட்டது. பெற்றோல், சீமெந்து, யூரியா, பற்றரி என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போக, ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டுச் சின்னத் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். அந்த விளக்கில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பூட்டு வெளியிலிருந்து மட்டும் போடப்படவில்லை என்பதையும் எழுத வேண்டும். குடாநாட்டை விட்டு வெளியேற விரும்பியவர்கள் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. பிணை நிற்க ஆள் காட்ட வேண்டியிருந்தது. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். போக விரும்பியவருக்குத் தடையும், இருக்க விரும்பியவருக்கு வெளியேற்றமும் ஒரே காலத்தில் நடந்தன. வழியின் திறப்பு யார் கையில் இருந்தாலும், அது சனத்தின் கையில் இருக்கவில்லை.

கிளாலி

மிஞ்சியது கிளாலி. கொடிகாமத்திலிருந்து தென்கிழக்கே, கடல்நீரேரிக் கரையில் உள்ள ஊர். இருட்டியபின் அங்கே படகுகள் ஏறும். அக்கரையில் பூநகரிப் பிரதேசத்துக் கரைகளில் இறக்கும். மேற்கே நாகதேவன்துறையில் கடற்படை, கிழக்கே ஆனையிறவில் இராணுவம், இரண்டுக்கும் நடுவே இந்தப் பயணம். நோயாளிகள், கொழும்புக்குப் போய் வெளிநாடு செல்லவிருந்த பிள்ளைகள், ஓய்வூதியம் எடுக்கப் போன வயோதிபர்கள், வியாபாரிகள், எல்லோரும் ஒரே படகில். நிலா வெளிச்சம் கூடினால் பயம் கூடும்.

1993 ஜனவரி 2ஆம் திகதி இரவு கடற்படையினர் பயணிகள் படகுகளைத் தாக்கினார்கள். கொல்லப்பட்ட பொதுமக்களின் தொகை 35இலிருந்து 100 வரை வெவ்வேறாகச் சொல்லப்படுகிறது. இந்த வித்தியாசமே அந்தக் காலத்தின் நிலைமையைச் சொல்லும். யார் எந்தப் படகில் ஏறினார்கள் என்ற பதிவு இல்லை. உடல் கிடைத்தவர்கள் எண்ணப்பட்டார்கள். கிடைக்காதவர்கள் எண்ணிக்கைக்கு வெளியே போனார்கள்.

அதே ஆண்டு செப்டெம்பர் கடைசியில் ஆனையிறவிலிருந்து கிளாலி நோக்கி இராணுவம் ஒரு நடவடிக்கையை ஆரம்பித்தது. புலோப்பளையில் கடும் சண்டை நடந்தது. கிளாலிக் கரையை அடைந்து படகுகளை அழித்துவிட்டு இராணுவம் தளத்துக்குத் திரும்பியது. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'யாழ்தேவி'. மூன்று வருடங்களாக எங்களுக்கு வராத ரயிலின் பெயர்.

1993 நவம்பர் 11

ஆறு வாரம் கழித்து, நவம்பர் 11ஆம் திகதி அதிகாலை, பூநகரி இராணுவ முகாமையும் நாகதேவன்துறைக் கடற்படைத் தளத்தையும் புலிகள் ஒரே நேரத்தில் தரையாலும் தண்ணீராலும் தாக்கினார்கள். 'தவளை நடவடிக்கை' என்று பெயர். நிலத்திலும் நீரிலும் வாழும் உயிரின் பெயரை அதற்காகவே வைத்தார்கள். கடற்படைத் தளம் முற்றாக விழுந்தது. யுத்த தாங்கியும் ஆயுதங்களும் படகுகளும் புலிகளின் கைக்குப் போயின. சில நாட்களில் புலிகள் விலகினார்கள். இராணுவம் மீண்டும் முகாமைச் சீர்செய்து இருந்துகொண்டது. இரண்டு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

என் வயதுக்காரருக்கு இந்தச் சமர் வானொலியிலும் பெரியவர்களின் பேச்சிலும் கேட்ட ஒன்று. ஒரு தரப்பு இதை வெற்றிப் பட்டியலில் வைத்துக்கொண்டது. மறுதரப்பு தோல்வியின் படிப்பினை என்று வைத்துக்கொண்டது. கோட்டைச் சுவரைச் சுற்றி நடந்தபோது எனக்குத் தோன்றியது வேறு. இறந்த இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருபதை ஒட்டிய வயதினர். அவர்கள் எதற்காகச் சண்டை பிடித்தார்கள் என்பதற்குப் பெரிய விளக்கங்கள் உண்டு. ஆனால் இந்த இடத்தில், அந்த ஆண்டில், சண்டை ஒரு தண்ணீர்வழிக்காக நடந்தது.

ஒரு முகாமும் ஒரு பேச்சுவார்த்தையும்

பூநகரியின் முக்கியத்துவம் சமரைவிட அதற்கடுத்த பேச்சுவார்த்தையில்தான் நன்றாகத் தெரியும். 1994இல் சந்திரிகா குமாரதுங்க ஆட்சிக்கு வந்தபின் சமாதானப் பேச்சு தொடங்கியது. 1995 ஜனவரி 8ஆம் திகதி மோதல் நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. புலிகள் வலியுறுத்திய கோரிக்கைகள் நான்கு: பொருளாதாரத் தடையை நீக்குவது, மீன்பிடித் தடையை நீக்குவது, கிழக்கில் தங்கள் போராளிகள் ஆயுதத்தோடு நடமாட அனுமதிப்பது, பூநகரி முகாமை அகற்றுவது. முகாம் போனால்தான் சங்குப்பிட்டி வழி சனத்துக்குத் திறக்கும் என்பது புலிகளின் வாதம். முகாமை அகற்றுவது இராணுவ ரீதியில் ஆபத்து என்பது அரசின் வாதம்.

கடிதங்கள் போயின, வந்தன. இனப்பிரச்சினையின் தீர்வு பற்றிப் பேச வேண்டிய மேசை, ஒரு முகாமையும் ஒரு பாதையையும் தாண்டிப் போக முடியாமல் நின்றது. ஏப்ரல் 19ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தில் இரண்டு கடற்படைக் கலங்கள் தகர்க்கப்பட்டதோடு எல்லாம் முடிந்தது. மூன்றாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. யார் குற்றவாளி என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் மூன்றரைப் பரப்புக் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு முகாம், இலட்சக்கணக்கான சனத்தின் தலையெழுத்துப் பேசப்பட்ட மேசையில் நான்கில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்திருந்தது என்பதை மறக்கக்கூடாது.

அந்த ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்து வந்தது. முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுச் சரியாக ஐந்து வருடங்கள். நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி எடுத்து வைக்க மணிக்கணக்கு ஆயிற்று. கொடிகாமத்தில் பள்ளிக்கூடம், கோயில், மாட்டுக்கொட்டில், மரநிழல் எல்லாம் வீடாகின. 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கையில் விழுந்தபோது, ஒரு பகுதியினர் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள்; மற்றவர்கள் கிளாலியால் வன்னிக்குக் கடந்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு கரை, தங்கை மறுகரை என்று பிரிந்தது அந்தக் கிழமைகளில்தான். சிலருக்கு அந்தப் பிரிவு 2009இல் முடிந்தது. சிலருக்கு முடியவேயில்லை.

ஆனையிறவு

பூநகரியிலிருந்து பரந்தன் வீதியால் போய்க் கண்டி வீதியில் ஏறி வடக்கே திரும்பினால் ஆனையிறவு. ஒல்லாந்தர் கோட்டையும் அதன் இடத்தில் இருந்த வாடிவீடும் யுத்தத்தில் அழிந்துபோயின. இப்போது இருபுறமும் உப்பளமும் வெளியும். 2000 ஏப்ரல் 22ஆம் திகதி 'ஓயாத அலைகள் மூன்று' நடவடிக்கையில் ஆனையிறவு புலிகளிடம் விழுந்தது. அசைக்க முடியாதது என்று சொல்லப்பட்ட தளம் விழுந்ததற்கு முக்கிய காரணம் தண்ணீர். முகாமுக்குக் குடிநீர் வந்தது இயக்கச்சிக் கிணறுகளிலிருந்து. இயக்கச்சி கைமாறியதும் படையினர் தாகத்தோடு கிளாலிப் பக்கம் பின்வாங்கினார்கள். உப்பு விளையும் மண்ணில் எத்தனை பீரங்கி இருந்தாலும் கிணறு இல்லாவிட்டால் இருக்க முடியாது.

சண்டை வடக்கே நகர்ந்தபோது தென்மராட்சி மீண்டும் இடம்பெயர்ந்தது. சாவகச்சேரி நகரம் தரைமட்டமானது. 2002 ஏப்ரலில் முகமாலையில் கண்டி வீதி திறந்தது. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி அதே முகமாலையில் சண்டை வெடித்து வீதி மீண்டும் மூடியது. பூநகரியிலிருந்து புலிகளின் எறிகணைகள் பலாலி நோக்கிப் போயின. குடாநாட்டுக்கு மறுபடியும் கப்பலும் விமானமும் மட்டுமே. அவற்றில் ஏறுவதற்கு இராணுவத்தின் அனுமதி வேண்டும். 2008 நவம்பர் 15ஆம் திகதி பூநகரியையும், 2009 ஜனவரி 9ஆம் திகதி ஆனையிறவையும் இராணுவம் பிடித்தது. வன்னிச் சனம் கிழக்கே முள்ளிவாய்க்கால் நோக்கித் தள்ளப்பட்டது. அந்த வழியின் முடிவை இங்கே நான் எழுதத் தேவையில்லை.

இன்று ஆனையிறவில் இரண்டு நினைவுச் சின்னங்கள் உண்டு. ஒன்று, கைகள் இலங்கை வரைபடத்தை ஏந்தி நிற்பது. மற்றது, 1991 யூலை 14ஆம் திகதி புலிகள் முகாமுக்குள் அனுப்பிய கவசமிட்ட புல்டோசர். அதைத் தடுத்து உயிர்விட்ட படைவீரர் காமினி குலரத்னவின் நினைவாக அது வீதியோரம் வைக்கப்பட்டிருக்கிறது. தெற்கிலிருந்து வரும் பஸ்கள் நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள். அந்தப் படைவீரரின் ஊர்க்காரருக்கு அவரை நினைக்க உரிமை உண்டு. ஆனால் அதே தண்ணீரில் படகோடு போன பயணிகளுக்கு நான் சுற்றிய வழியில் ஒரு கல்லும் கண்ணில் படவில்லை. கொடிகாமத்தில் மாவீரர் துயிலும் இல்லம் இருந்த காணியில் இராணுவம் முகாம் அமைத்ததால், பெற்றோர் அதற்கு எதிரே உள்ள இடத்தில் விளக்கேற்றி வந்திருக்கிறார்கள்.

கோட்டைகள் சொல்வதும் விடுவதும்

யாழ்ப்பாணக் கோட்டையோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தபின் போர்த்துக்கேயர் அதைக் கட்டினார்கள். 1621இல் இடிக்கப்பட்ட நல்லூர்க் கோயிலின் கற்கள் அதற்குள் இருக்கின்றன. 1658 யூன் 22ஆம் திகதி ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றி ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டினார்கள். வெளிமதில்கள் முடிய 1792 ஆயிற்று. மூன்றே வருடத்தில், 1795 செப்டெம்பரில், ஆங்கிலேயரிடம் போய்விட்டது. 1990இல் உள்ளே இருந்த படையினரைப் புலிகள் 107 நாட்கள் முற்றுகையிட்டார்கள். செப்டெம்பர் 26ஆம் திகதி இராணுவம் வெளியேறியது. அந்த மாதங்களில் கோட்டையைச் சுற்றிய நகரம் குண்டு வீச்சில் சிதைந்தது. போதனா வைத்தியசாலை எறிகணை எல்லைக்குள் கிடந்தது. யுத்தம் முடிந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியோடு திருத்த வேலைகள் தொடங்கின. கட்டியவரின் பேரப்பிள்ளைகள் திருத்தப் பணம் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். ஊர்காவற்றுறைக்கு முன்னால் கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையில் கடற்படை விடுதி நடத்துகிறது.

இந்தக் கோட்டைகளின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று படி இறங்கி நிறுத்திவிடுகிறார்கள். சுற்றுலாவுக்கு அது போதும். எங்கள் வீடுகளில் உள்ளவர்களுக்கு நான்காவது படிதான் வாழ்க்கை. சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரி 16ஆம் திகதி திறக்கப்பட்டது. நீளம் 288 மீற்றர். இன்று மோட்டார் சைக்கிளில் அதைக் கடக்க அரை நிமிடம்கூட ஆகாது. அதில் போகும் இருபது வயதுப் பிள்ளைக்கு, இந்த இடத்தைத் தாண்ட முடியாமல் தாயோ தகப்பனோ எத்தனை இரவு கிளாலியில் காத்திருந்தார் என்பது தெரியாது. அது அந்தப் பிள்ளையின் குற்றமல்ல. எழுதி வைக்காத கதை ஒரு தலைமுறைக்கு மேல் நிற்காது.

போக விரும்புபவர்களுக்கு

யாழ்ப்பாணம்–மன்னார் பஸ்கள் ஏ-32 வீதியால் போவதால் பூநகரியில் இறங்கலாம். கொடிகாமத்திலிருந்து போவோர் சாவகச்சேரி வழியாகப் போய் அந்த வீதியில் ஏறலாம். காலையில் போவது நல்லது. கோட்டைப் பக்கம் நிழல் குறைவு, தண்ணீர் கொண்டு போங்கள். முருகைக்கல்லை நினைவுக்கென்று எடுத்து வராதீர்கள். தொல்பொருட் சட்டப்படி அது குற்றம். அதைவிட, ஆளுக்கொரு கல் எடுத்தால் கோட்டை மிஞ்சாது. திரும்பும் வழியில் முகமாலைப் பக்கம் மண்டையோட்டுப் பலகையோ சிவப்புத் தடியோ தெரிந்தால் அதற்கப்பால் கால் வைக்க வேண்டாம். நாட்டிலேயே மிக அடர்த்தியாக மிதிவெடி விதைக்கப்பட்ட இடங்களில் அது ஒன்று.

முடிந்தால் உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் கடந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சிலர் வர மாட்டார்கள், வற்புறுத்த வேண்டாம். வருபவரிடம் பெரிய கேள்விகள் கேட்கத் தேவையில்லை. எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தத் துறையில் ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள், படகில் எத்தனை பேர், பாஸ் யாரிடம் எடுத்தீர்கள், பிணை நின்றது யார், கையில் என்ன கொண்டு வந்தீர்கள், எதை விட்டு வந்தீர்கள். இவ்வளவையும் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி, கீழே சொன்னவரின் பெயரையும் ஊரையும் அவர் சம்மதித்தால் குறித்து வையுங்கள். 1993 ஜனவரி 2ஆம் திகதி இறந்தவர்களின் தொகை 35ஆ 100ஆ என்று இன்றைக்கும் தடுமாறுவதற்குக் காரணம், அன்று அப்படி ஒரு கொப்பி இல்லாததுதான்.